அப்பாவிடம் சொல்லாமல் விட்டதை இனி எங்கே சொல்வது? ஒரு மருத்துவத் தொடர் எழுப்பிய கேள்விகளுக்குப் பதில்

கோபிச்செட்டிபாளையம் பக்கத்திலிருந்து எழுதியிருக்கும் நீங்கள் மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். 'த பிட்' என்ற அமெரிக்க மருத்துவத் தொடரின் நான்காம் பகுதியில், உயிர் பிரியும் நிலையில் இருக்கும் முதியவரிடம் அவருடைய மகனும் மகளும் நான்கு வாக்கியங்களைச் சொல்லி விடைகொடுக்கிறார்கள். பத்து மாதங்களுக்கு முன் நுரையீரல் தொற்றால், கோவையில் ஒரு மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் இறந்துபோன உங்கள் அப்பாவிடம் நீங்கள் எதையுமே சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என்ன மாறியிருக்கும் என்பது முதல் கேள்வி. நான்கு ஆண்டுகளுக்கு முன் இறந்த ஆசிரியரை நினைத்து அந்தத் தொடரின் மருத்துவர் தரையில் சரிந்து அழுவது மிகைப்படுத்தல்தானே என்பது இரண்டாவது. அம்மா இன்னமும் விடியற்காலையில் அப்பாவின் படத்துக்கு முன்னால் ஒரு டம்ளர் காப்பி வைக்கிறார், உறவினர்கள் அதை நிறுத்தச் சொல்கிறார்கள், அது மனநோயா என்பது மூன்றாவது. ஈரோட்டுப் பக்கம் தீவிர சிகிச்சைப் பிரிவில் நெடுங்காலம் பணியாற்றிவிட்டு, இப்போது குணப்படுத்த முடியாத நோயாளிகளுக்கான ஆதரவு சிகிச்சையில் இருக்கும் மருத்துவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்விகள் மூன்றாக இருந்தாலும் எனக்கு அவை ஒன்றாகவே படுகின்றன. துக்கம் ஆறுவதற்கு ஒரு நாள், ஓர் இடம், கூட உட்கார நாலு பேர் என இம்மூன்றும் வேண்டும். இவற்றில் ஏதாவது ஒன்று கிடைக்காமல் போனாலும் அது உள்ளேயே தங்கிவிடும். அந்தத் தொடரை எழுதியவர்கள் இதை நன்றாக உணர்ந்து எழுதியிருக்கிறார்கள். அதனால்தான் அது உங்களை இத்தனை தூரம் பாதித்திருக்கிறது.

தொடரைப் பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2025 ஜனவரியில் வெளிவரத் தொடங்கிய 'த பிட்', பிட்ஸ்பர்க் நகரில் இருப்பதாகக் கற்பனை செய்யப்பட்ட ஒரு மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவில் நடக்கிறது. முதல் பருவத்தின் 15 பகுதிகளும் ஒரே நாளின் 15 மணி நேரங்கள். காலை 7 மணிக்குத் தொடங்கி இரவு 10 மணிக்கு முடிகின்றன. 1994இல் தொடங்கி 15 பருவங்கள் ஓடிய 'ஈஆர்' தொடரில் இளம் மருத்துவராக நடித்த நோவா வைலிதான் இதில் பிரிவின் மூத்த மருத்துவர் ராபி. அவருடைய ஆசிரியர் ஆடம்சன் கொரோனா காலத்தில் அதே மருத்துவமனையில் ராபியின் பராமரிப்பிலேயே இறந்தவர். கதை நடக்கும் நாள் ஆடம்சனின் நான்காம் ஆண்டு நினைவு நாள். முந்தைய ஆண்டுகளில் அந்த நாளில் பணிக்கு வராமல் இருந்த ராபி, இந்த ஆண்டு முதல் முறையாக வருகிறார்.

அந்தக் காலையில் வந்து சேர்பவர்தான் நீங்கள் குறிப்பிட்ட ஸ்பென்சர் என்ற முதியவர். தனக்குச் செயற்கைச் சுவாசக் குழாய் போட வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைத்தவர். பிள்ளைகளுக்கு மனம் கேட்கவில்லை, போடச் சொல்லிவிடுகிறார்கள். சில மணி நேரத்துக்குள் அது அவருக்கு வேதனையை மட்டுமே கூட்டுகிறது என்று புரிந்துகொண்டு, குழாயை எடுக்க ஒப்புக்கொள்கிறார்கள். என்ன பேசுவது என்று தெரியாமல் திகைத்து நிற்கும் அவர்களிடம், தன் ஆசிரியர் தனக்குச் சொல்லித்தந்த ஹவாய்த் தீவுகளின் வழக்கம் என்று சொல்லி, நான்கு வாக்கியங்களை ராபி எடுத்துக்கொடுக்கிறார்: உங்கள்மேல் எனக்கு அன்பு உண்டு, உங்களுக்கு நன்றி, உங்களை நான் மன்னிக்கிறேன், என்னை நீங்கள் மன்னித்துவிடுங்கள்.

இதன் பின்புலத்தைத் தெரிந்துகொள்வது உங்கள் முதல் கேள்விக்கு உதவும். ஹோஓபோனோபோனோ என்ற அந்த ஹவாய் மரபு, உண்மையில் சாவுக்கான சடங்கு அன்று. குடும்பத்துக்குள் மனக்கசப்பு முற்றி, யாராவது நோயில் விழும்போது, ஒரு பெரியவர் எல்லோரையும் கூட்டி உட்காரவைத்து, கடவுளை வேண்டி, யாருக்கு யார்மேல் என்ன வருத்தம் என்று ஒவ்வொன்றாகப் பேசவைத்து, மன்னிப்புக் கேட்கவும் கொடுக்கவும் வைக்கும் முறை அது. நான்கு வாக்கியங்களாக அது சுருங்கியது பிற்காலத்தில். இறப்பின் விளிம்பில் இருப்பவரிடம் இந்த நான்கையும் சொல்லலாம் என்ற அறிவுரையை மருத்துவ உலகில் பரப்பியவர் ஐரா பயோக் என்ற அமெரிக்க மருத்துவர். 2004இல் அவர் இதற்கென்றே ஒரு நூல் எழுதினார். ஆகவே அந்தக் காட்சியின் உயிர், வாக்கியங்களில் இல்லை. என்ன பேசுவது என்று தெரியாமல் நின்ற இரண்டு பிள்ளைகளை ஒரே கட்டிலின் இரு பக்கமும் உட்காரவைத்து, அவசரப்படுத்தாமல், ஒரு மணி நேரம் அவர்களுக்கென்று ஒதுக்கித் தந்ததில் இருக்கிறது.

நம் பக்கத்து மனிதர்கள் அந்த நான்கு வாக்கியங்களைப் பேசுபவர்கள் அல்லர். அப்பாவைப் பார்த்து அன்பு உண்டு என்று வாய்விட்டுச் சொன்ன மகனை நான் கண்டதில்லை. நன்றி சொன்ன மகளையும் கண்டதில்லை. ஆனால் அவர்கள் பேசாமலும் இருந்ததில்லை. மஞ்சள் விவசாயி ஒருவரின் மூத்த மகன் அப்பாவின் காதருகே குனிந்து பேசியது இன்றும் என் நினைவில் இருக்கிறது. தோட்டத்து வாய்க்கால் தகராறில் அவரும் அவருடைய தம்பியும் நெடுநாள் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தவர்கள். அன்று இருவரும் கட்டிலருகே நின்றார்கள். மூத்தவர், "மஞ்சளெல்லாம் வெட்டியாச்சுங்கப்பா, வேகவெச்சுக் காயப் போட்டாச்சுங்க, தம்பியும் நானும்தான் சேந்து பாத்தமுங்க, நீங்க ஒண்ணுத்துக்கும் வெசனப்படாதீங்க" என்றார். தம்பி எதுவும் சொல்லாமல் அப்பாவின் பாதத்தைப் போர்வைக்கு மேலாகப் பிடித்துக்கொண்டே நின்றார். பயோக் எழுதிய நான்கும் அந்த ஒரே பேச்சில் இருந்தன. மஞ்சளைப் பற்றிய செய்திதான் நன்றி. தம்பியும் நானும் என்பதுதான் மன்னிப்பு.

நீங்கள் எதையும் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதே கடிதத்தில், அப்பாவை அவசர ஊர்தியில் ஏற்றும்போது "பசுவுக்குத் தண்ணி காட்டீட்டு, பொறத்தாலயே வந்தர்றேனுங்க" என்று நீங்கள் சொன்னதையும் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் அப்பா பழக்கப்பட்ட பேச்சு அதுதான். அதைச் சொல்லாதது என்று கணக்கில் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் மயக்கத்தில் இருந்தவருக்குப் பேசினால் கேட்குமா என்றும் கேட்டிருந்தீர்கள். இதைப் பற்றி 2020இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். இறுதிக் காலப் பராமரிப்பு இல்லத்தில், எந்த அசைவும் பதிலும் இல்லாத நிலையில் இருந்த நோயாளிகளின் மூளை மின்னலைகளை அவர்கள் உயிர் பிரிவதற்குச் சில மணி நேரம் முன்பு பதிவு செய்தபோது, சிலரது மூளை ஒலிகளுக்கு நலமுடைய இளைஞர்களின் மூளையைப் போலவே பதிலளித்தது. கேட்டது புரிந்ததா என்பதை அந்த ஆய்வு நிறுவவில்லை. ஆனால் காது அடைத்துவிட்டது, பேசிப் பயனில்லை என்று யாரும் சொல்லக் கூடாது என்பதற்கு அதுவே போதும். என் பிரிவில் செவிலியர்கள் மயக்கத்தில் இருப்பவரைத் திருப்பிப் படுக்கவைக்கும் முன்பும்கூட "அய்யா, ஒருக்களிச்சுப் படுக்க வைக்கிறோமுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் செய்வார்கள்.

இந்த இடத்தில் மற்றவர்களுக்குப் பயன்படும் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். சுவாசக் குழாய் தொண்டைக்குள் குரல்நாண்களுக்கு நடுவே போகிறது. போட்ட பிறகு பேச முடியாது, குழாயைத் தாங்கிக்கொள்வதற்காகப் பெரும்பாலும் மயக்க மருந்தும் தொடர்ந்து கொடுக்கப்படும். ஆகவே நோயாளி தன் குரலில் பேசக்கூடிய நேரம் குழாய் போடுவதற்கு முன்புதான் இருக்கிறது. மூச்சுத் திணறல் மிகக் கடுமையாக இல்லாத நிலையில், கையெழுத்துக்காகப் படிவத்தை நீட்டும் மருத்துவரிடம், "ஒரு அஞ்சு நிமிசம் நாங்க உள்ள போய்ப் பேசீட்டு வந்தர்றமுங்க" என்று கேளுங்கள். பெரும்பாலான மருத்துவர்கள் மறுக்க மாட்டார்கள். கேட்கத்தான் யாருக்கும் தோன்றுவதில்லை. உங்களுக்கும் அந்த நேரத்தை யாரும் எடுத்துச் சொல்லவில்லை. அது உங்கள் குறை அன்று, எங்கள் தொழிலின் குறை. உறவினர்களைக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நிறுத்தி, மாலையில் ஒருவரை மட்டும் கவுன் போட்டு உள்ளே அனுப்பி, இரண்டு நிமிடத்தில் வெளியே வரச் சொல்லும் வழக்கத்துக்குத் தொற்றுப் பரவல் ஒரு காரணம்தான். ஆனால் உயிர் நிற்காது என்று தெரிந்துவிட்ட பிறகும் அதே விதியைக் கடைப்பிடிப்பதற்கு எந்த மருத்துவ நியாயமும் இல்லை என்பது என் உறுதியான கருத்து.

நம் மக்கள் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். இனிப் பிழைக்க மாட்டார் என்று தெரிந்ததும், "உசுரு ஊட்டுலதானுங்க போகோணும்" என்று சொல்லி, கைப்பம்பை அழுத்தி மூச்சுக் கொடுத்தபடியே ஊர்தியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுபோய், ஆசாரத்தில், அதாவது வீட்டுக் கூடத்தில், கயிற்றுக் கட்டிலில் கிடத்திய பிறகே குழாயை எடுக்கச் சொல்வார்கள். பேரன் பேத்திகள் வரிசையாக வந்து ஆளுக்கொரு கரண்டி பால் ஊற்றுவார்கள். மருத்துவமனைக் குறிப்பில் இது மருத்துவ ஆலோசனைக்கு மாறாகச் சென்றுவிட்டார் என்று பதிவாகும். அந்தத் தொடரில் ஸ்பென்சரின் பிள்ளைகளுக்குக் கிடைத்த அந்த ஒரு மணி நேரத்தைத்தான் இவர்கள் தங்கள் வீட்டுக்குக் கொண்டுபோய் உண்டாக்கிக்கொள்கிறார்கள் என்று எனக்குத் தோன்றும். சட்டமும் இப்போது ஓரளவு துணைக்கு வந்திருக்கிறது. பிழைக்க வழியில்லாத நிலையில் உயிர்காக்கும் கருவிகள் வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்கும் மருத்துவ உயிலை 2018 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு ஏற்றுக்கொண்டது. அதற்கான நடைமுறை மிகக் கடினமாக இருந்ததால், 2023 ஜனவரியில் அதை எளிமையாக்கி, நீதித்துறை நடுவருக்குப் பதிலாக நோட்டரி அல்லது அரசிதழ் பதிவுபெற்ற அலுவலர் முன்னிலையில் கையெழுத்திட்டாலே போதும் என்று மாற்றியது. உங்கள் அம்மாவின் விருப்பம் என்ன என்பதை, துக்கம் சற்று ஆறிய பிறகு, ஒருநாள் நிதானமாகக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இனி இரண்டாவது கேள்வி. ராபி உடைந்து அழுவது மிகையா?

அந்தக் காட்சி பதின்மூன்றாம் பகுதியின் முடிவில் தொடங்கி அடுத்த பகுதியிலும் தொடர்கிறது. நகரத்தில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் காயமடைந்தவர்கள் மணிக்கணக்காக வந்துகொண்டே இருக்கிறார்கள். தன் மகனைப்போல் நினைக்கும் ஜேக் என்ற இளைஞனின் காதலி லியாவை ராபியால் காப்பாற்ற முடியவில்லை. நீங்கள் ஏன் அவளைக் காப்பாற்றவில்லை என்று ஜேக் அவரிடமே கேட்கிறான். சுவர் முழுக்க விலங்குப் படங்கள் வரைந்த குழந்தைகள் அறை, இறந்தவர்களின் உடல்களை வைக்கும் இடமாக மாறியிருக்கிறது. அங்கேதான் ராபி தரையில் சரிந்து உட்கார்ந்து, யூத மதத்தின் பிரார்த்தனை வரிகளை முணுமுணுத்துக்கொண்டு அழுகிறார். லியாவுக்காக மட்டும் வந்த அழுகை இல்லை அது. ஆடம்சனுக்காக நான்கு ஆண்டுகள் அழாத அழுகையும் அதில் சேர்ந்திருக்கிறது.

நம் ஊரில் ஒரு சாவு விழுந்தால் நடப்பதைச் சற்று நினைத்துப் பாருங்கள். உள்ளே பெண்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைக்கிறார்கள். ஒப்பாரியில் இறந்தவர் எப்போதும் எதிரே இருப்பவர்தான். அவரைப் பார்த்து நேருக்கு நேராகத்தான் பாட்டு போகும். அவர் வாங்கித் தந்த சேலை, வெட்டிய கிணறு, திட்டிய திட்டு, தன்னை விட்டுவிட்டுப் போன கோபம், கடைசி நாளில் கஞ்சி கொடுக்க முடியாமல் போன குற்ற உணர்வு எல்லாம் அதில் வரும். இறந்தவருக்குச் சொல்லாமல் விட்டதையெல்லாம் ஊர் கேட்கச் சொல்லித் தீர்க்கும் இடம் அது. வெளியே பந்தலின் கீழே ஆண்கள் நாற்காலிகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கு ஒப்பாரி கிடையாது. அவர்களுக்குள்ளும் ஒருவர் இருப்பார். மயானத்தில் நேரம் வாங்குவது, பந்தல்காரரையும் பறையடிப்பவர்களையும் வரச் சொல்வது, வெளியூர்ச் சொந்தங்களுக்குப் போன் செய்வது, வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்க ஆள் வைப்பது என்று காலையிலிருந்து நின்றபடியே எல்லாவற்றையும் அவர்தான் செய்துகொண்டிருப்பார். இறந்தவருக்கு மிக நெருங்கியவர் பெரும்பாலும் அவராகவே இருப்பார். அவர் அழுததை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். ஆறு மாதம் கழித்து எங்கோ ஒரு கல்யாண வீட்டில், அல்லது மாடு விற்கப் போன சந்தையில், காரணமே தெரியாமல் அவருக்கு நெஞ்சு அடைத்துக்கொண்டு வரும். நெஞ்சுவலி என்று நினைத்து எங்களிடம் கூட்டிவருவார்கள். இதயத்தில் ஒன்றும் இருக்காது.

ராபி அப்படிப்பட்டவர்தான். ஆடம்சன் இறந்தபோது அவர்தான் காரியம் பார்த்தவர். அடுத்த நோயாளி அடுத்த கட்டிலில் காத்திருந்தார். அவருக்கு நாள் இருந்தது. ஆண்டுதோறும் அந்த நாளில் விடுப்பு எடுத்தார். ஆனால் அந்த நாளில் கூட உட்கார ஆள் இல்லை, போய் நிற்க ஓர் இடம் இல்லை. ஸ்பென்சரின் பிள்ளைகளுக்கு நான்கு வாக்கியங்களையும் எடுத்துக் கொடுத்தவருக்கு, தன் ஆசிரியரிடம் அவற்றைச் சொல்ல ஒரு மணி நேரம் கிடைக்கவில்லை. இதில் மிகை ஒன்றும் இல்லை. கொரோனா இரண்டாம் அலையின்போது எங்களோடு பணியாற்றிய இளம் மருத்துவர்கள் பலருடைய முகத்தில் நான் அதைப் பார்த்திருக்கிறேன். அவர்களில் சிலர் அந்தக் காலத்தைப் பற்றி இன்றுவரை ஒரு வார்த்தை பேசுவதில்லை.

மருத்துவமனைகளால் இதற்கு எதுவும் செய்ய முடியாது என்று நான் நினைக்கவில்லை. அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழக மருத்துவமனையில் ஜோனத்தன் பார்ட்டெல்ஸ் என்ற செவிலியர் ஒரு வழக்கத்தைத் தொடங்கினார். உயிர் காக்கும் முயற்சி பலிக்காமல் ஒருவர் இறந்ததும், யாரும் உடனே அறையைவிட்டுப் போகாமல், இவரும் ஒரு குடும்பத்தின் பிள்ளை, இவர்மேல் அன்பு வைத்தவர்கள் இருந்தார்கள் என்று ஒருவர் சொல்ல, எல்லோரும் கொஞ்ச நேரம் அமைதியாக நிற்பார்கள். பிறகுதான் அடுத்த கட்டிலுக்கு. இன்று பல நாடுகளில் இது நடைமுறையில் இருக்கிறது. இதற்குக் கருவியோ பணமோ வேண்டியதில்லை. நம் மாநிலத்திலேயே, மூளைச்சாவு அடைந்து உறுப்புக் கொடை அளித்தவர்களின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையுடன் நடத்தப்படும் என்று 2023 செப்டம்பரில் அறிவித்த பிறகு, அத்தகையவர்களின் உடல் வெளியேறும்போது மருத்துவர்களும் துப்புரவுப் பணியாளர்களும் நடைபாதையின் இருபுறமும் வரிசையாக நின்று வணங்குவதைப் பார்க்கிறோம். ஒருவருக்காக நிற்க முடிகிற மருத்துவமனை, மற்றவர்களுக்காகவும் அரை நிமிடம் நிற்க முடியும்.

கொங்கு நாட்டின் மிகப் பெரிய துக்கக் கதை எது என்று கேட்டால், அண்ணன்மார் சாமி கதை என்பேன். பொன்னரும் சங்கரும் பதினாறு வயதுதான் ஆயுள் என்று வரம் வாங்கிப் பிறந்தவர்கள். அவர்கள் மாண்ட செய்தியறிந்து தங்கை அருக்காணித் தங்காள் அழுதுகொண்டே காட்டில் தேடிப் போகிறாள். படுகளத்தில் அண்ணன்மாரின் உடல்களைக் கண்டு, தெய்வத்தின் துணையோடு அவர்களை எழுப்புகிறாள். அவர்கள் எழுந்து அவளோடு பேசுகிறார்கள். தங்கள் காலம் முடிந்துவிட்டது என்று சொல்லிவிட்டு மறுபடியும் மாண்டுபோகிறார்கள். உடுக்கை அடித்து இரவிரவாகப் பாடப்படும் இந்தக் கதையின் அந்தக் கட்டம் வரும்போது, எத்தனை முறை கேட்டவர்களும் அழுவார்கள். மணப்பாறைக்கு அருகில் வீரப்பூரில் மாசி மாதத் திருவிழாவிலும், கொங்குப் பகுதியின் ஊர்களிலும், படுகளம் என்ற சடங்கு நடக்கும்போது ஆண்கள் அருள்வந்து செத்தவர்களைப்போல் தரையில் விழுந்து கிடப்பதையும், தீர்த்தம் தெளித்து ஒவ்வொருவராக எழுப்பப்படுவதையும் நீங்கள் பார்த்திருக்கலாம். பந்தலின் கீழே அழாமல் உட்கார்ந்திருக்கும் அதே ஆண்கள்தான் அங்கே விழுகிறார்கள், அழுகிறார்கள். நாள் இருக்கிறது, இடம் இருக்கிறது, ஊரே கூட இருக்கிறது. ராபிக்குக் கிடைக்காதது அவர்களுக்கு அங்கே கிடைக்கிறது. இறந்தவரோடு இன்னும் ஒரே ஒரு முறை பேசக் கிடைத்தால் போதும் என்று நீங்கள் எழுதியிருந்ததைப் படித்தபோது எனக்குத் தங்காள்தான் நினைவுக்கு வந்தாள்.

இப்போது அம்மாவின் காப்பிக்கு வருகிறேன்.

விடியற்காலை நாலரைக்கு எழுந்து, கறந்த பாலைக் காய்ச்சி, முதல் டம்ளரைப் படத்துக்கு முன்னால் வைத்து, சற்று நேரம் கழித்து அதை எடுத்துத் தானே குடித்துவிட்டு அம்மா வேலையைத் தொடங்குகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கடைசிப் பகுதிதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. அவருக்கு அப்பா வந்து குடிக்கப்போவதில்லை என்பது தெரியும். பால் சங்கத்துக்குப் பால் ஊற்றப் போகிறார், அங்கே கணக்குப் பார்க்கிறார், பேத்திக்குத் தலை பின்னிவிடுகிறார். இது நோய் இல்லை.

இறந்தவரை மனத்திலிருந்து விலக்கிவிட்டால்தான் துக்கம் தீரும் என்ற எண்ணம் மேற்கத்திய மனநல மருத்துவத்தில் வெகுகாலம் இருந்தது. 1917இல் ஃபிராய்டு எழுதிய கட்டுரையிலிருந்து அது வலுப்பெற்றது. துக்கத்துக்கு ஐந்து படிகள் என்று எல்லோரும் சொல்வதும் சரியாகப் புரிந்துகொள்ளப்பட்டதன்று. எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969இல் அவற்றை எழுதியது, சாகப்போகிறோம் என்று தெரிந்த நோயாளிகளைப் பற்றித்தான். அதே 1969இல் டோக்கியோவில் கணவரை விபத்தில் இழந்த பெண்களிடம் நடந்த ஓர் ஆய்வு, வீட்டிலுள்ள புத்த பீடத்தின் முன் கணவரோடு பேசுவதும் உணவு படைப்பதும் அவர்களுக்குத் தாங்கும் வலிமை தந்ததைக் காட்டியது. 1996இல் கிளாஸ், சில்வர்மன், நிக்மன் ஆகிய அமெரிக்க ஆய்வாளர்கள், இறந்தவரோடு உறவு முறிவதில்லை, வேறு வடிவில் தொடர்கிறது, அது இயல்பானதே என்று விரிவாக எழுதினார்கள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் முன்னால் பெரியவர்களுக்கு வேட்டி சேலை வைத்து, அவர்களுக்குப் பிடித்த பலகாரத்தையும், சிலர் வீட்டில் சுருட்டையும்கூட வைத்துப் படைக்கும் நமக்கு இதில் புதிதாக ஒன்றும் இல்லை. நொய்யல் கரையில் கொடுமணலில் அகழ்ந்தெடுத்த பெருங்கற்காலச் சவக்குழிகளிலேயே, இறந்தவரோடு பானைகளும் இரும்புக் கருவிகளும் சூதுபவள மணிகளும் வைக்கப்பட்டிருந்தன. அம்மாவின் டம்ளர் அந்த வரிசையில் சேர்ந்ததுதான்.

ஒரு நாள் நன்றாக இருந்துவிட்டு மறுநாள் பழையபடி அழுகிறார் என்று கவலைப்பட்டிருக்கிறீர்கள். 1999இல் நெதர்லாந்தைச் சேர்ந்த ஸ்ட்ரோபே, ஷூட் ஆகியோர் சொன்ன விளக்கம் இங்கே பொருந்தும். துக்கப்படுபவர் இழப்பை நோக்கியும், பிறகு அன்றாட வாழ்க்கையை நோக்கியும் மாறி மாறிப் போய்வருகிறார். ஏதாவது ஒரு பக்கத்திலேயே நின்றுவிடுவதுதான் சிக்கல். கிணற்றில் கவலை இறைக்கும் எருதுகள் சரிவில் முன்னே போவதும் பின்னே வருவதும் சேர்ந்தால்தான் தண்ணீர் மேலே வரும். அதுபோல இரண்டும் வேண்டும்.

நீங்கள் கவனிக்க வேண்டியவை வேறு. ஓராண்டு கடந்த பின்னும் பெரும்பாலான நாள்களில் ஏக்கம் தாங்க முடியாமல் இருந்து, அதனால் அன்றாட வேலையே நின்றுபோனால், 2022இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் சேர்த்த வரையறைப்படி அது நீடித்த துக்கக் கோளாறாக இருக்கலாம். உலகச் சுகாதார நிறுவனத்தின் வரையறை ஆறு மாதம் என்கிறது, ஆனால் அந்தந்தப் பண்பாட்டின் வழக்கத்தை மீறியிருக்க வேண்டும் என்றும் சேர்த்தே சொல்கிறது. சாப்பிடாமல் உடல் இளைப்பது, வீட்டைவிட்டு வெளியே வராதது, மாத்திரைகளை நிறுத்திவிடுவது, "நானும் போயிரோணும்" என்று திரும்பத் திரும்பச் சொல்வது ஆகியவற்றில் ஏதாவது இருந்தால் தாமதிக்காதீர்கள். 14416 என்ற அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரத்திலும் தமிழிலேயே பேசலாம். காப்பியை நிறுத்தச் சொல்லும் உறவினர்களிடம், மருத்துவர் வைக்கலாம் என்று சொன்னார் என்று என் சார்பில் சொல்லிவிடுங்கள்.

இன்னும் இரண்டு மாதத்தில் முதல் ஆண்டுத் திதி வருகிறது. வேலைச் சுமையாலும் வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் திரும்ப வேண்டியிருந்ததாலும், கருமாதியை மூன்றாம் நாளிலேயே முடித்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். இப்போது பல குடும்பங்களில் அப்படித்தான் நடக்கிறது. நான் குறை சொல்லவில்லை. ஆனால் பதினாறு நாள் வீட்டில் ஆள் தங்கியிருந்ததன் பயன் உங்களுக்குக் கிடைக்கவில்லை. அதை இந்த ஆண்டுத் திதியில் ஓரளவு ஈடுசெய்யலாம். பவானி கூடுதுறைக்குப் போகிறீர்கள் என்றால், தர்ப்பணம் முடிந்த கையோடு காரில் ஏறிவிடாதீர்கள். அப்பாவோடு ஒன்றாகக் கரும்பு வெட்டியவர்கள், கடைசியாக அவருக்கு ஊசி போட்ட ஊர்ச் செவிலியர், பேச்சில்லாத பங்காளி என்று யாரையெல்லாம் அழைக்கலாம் என்று அம்மாவிடம் கேளுங்கள். வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டு மதியம் முழுவதும் உட்கார்ந்து, அவரைப் பற்றிப் பேசட்டும். அவர் செய்த நல்லதை மட்டும் பேச வேண்டும் என்பதில்லை. அவர் கோபக்காரர் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அதையும் பேசலாம். நீங்கள் அவரிடம் சொல்ல நினைத்தது ஏதாவது இருந்தால், அதை அங்கே, அந்த ஆட்களுக்கு நடுவில் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.

தொடரின் மீதிப் பகுதிகளை அம்மாவோடு சேர்ந்து பார்க்கலாமா என்று கடைசியாகக் கேட்டிருந்தீர்கள். நான்காம் பகுதியை, அவரே கேட்டால், பக்கத்தில் உட்கார்ந்து காட்டுங்கள்; மொழி புரியாவிட்டாலும் அந்தக் காட்சி அவருக்குப் புரியும். பன்னிரண்டாம் பகுதியிலிருந்து துப்பாக்கிச் சூட்டில் காயம்பட்டவர்கள், இரத்தம், அலறல் என்றே செல்வதால், திதி முடியும்வரை அவற்றை அவருக்குக் காட்ட வேண்டாம். நீங்கள் பார்ப்பதாக இருந்தால் தனியாகப் பார்க்காதீர்கள். உங்கள் தம்பியையும் கூப்பிட்டுக்கொள்ளுங்கள்.